கணிப்பொறியின் முன் அமர்வோர்க்கு

இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ ரமாசினி 1713-இல் எழுத்தர்களின் நோய்க்கு மூன்று காரணங்கள் கூறினார்: ஓயாது அமர்ந்திருத்தல், கையின் இடையறாத ஒரே அசைவு, மனத்தின் அழுத்தம். இறகுப் பேனா மறைந்து கணிப்பொறி வந்த பின்னும் அம்மூன்றும் நம்மைவிட்டு அகலவில்லை. விரல்கள் அடிக்கடி மரத்துப்போவதை நாம் அலட்சியம் செய்யலாகாது. நாளடைவில் கையின் வலுவே குன்றக்கூடும்.

திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்திலோ சற்றுத் தாழ்வாகவோ, கைநீட்டும் தொலைவில் இருக்கட்டும். சாளரம் பக்கவாட்டில் அமையட்டும், கண்கூச்சம் குறையும். முழங்கை ஏறக்குறைய 90 பாகையில் மடங்க, மணிக்கட்டு நேராக நிற்க, பாதங்கள் தரையில் படிய அமர்வோம். கால் எட்டாதவர்க்குச் சிறு பலகை போதும். 20 நிமிடத்திற்கொரு முறை 20 அடிக்கு அப்பால் 20 வினாடி நோக்குவோம்; இடையிடையே எழுந்து நடப்போம்.

மாலையில் இல்லம் திரும்பிக் குழந்தையை வாரியெடுக்க வேண்டிய கைகள் அல்லவா இவை!