சோற்று வீட்டில் ஒளிந்திருக்கும் கோதுமை

"கோதுமையை விடணும், அவ்வளவுதானே!" என்றாள் அம்மா. தங்கைக்கு சீலியாக் நோய் என்று தெரிந்த அன்று வீட்டில் யாரும் பெரிதாகக் கலங்கவில்லை. மூன்று வேளையும் அரிசி. சப்பாத்தி வாரத்துக்கு இரண்டு நாள். நாலு வருஷமாக இரும்புச்சத்து மாத்திரை விழுங்கியும் ரத்தம் ஏறாததற்குக் காரணம் கிடைத்ததே நிம்மதி. சப்பாத்தியை நிறுத்தினோம். மூன்று மாதம் கழித்தும் வயிற்று உப்புசம் போகவில்லை.

குடலுக்குள் நடப்பது

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் புரதம் குளூட்டன். இந்த நோய் உள்ளவர்களுக்கு அது உள்ளே போனால் உடம்பின் எதிர்ப்பு சக்தி சொந்தச் சிறுகுடலையே தாக்குகிறது. சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் தட்டையாகிவிடுகின்றன. சிலருக்கு வயிற்றுப்போக்கே இருக்காது. ரத்தசோகையோ எலும்பு மெலிவோதான் வெளியே தெரியும்.

2016-இல் வெளியான இந்திய ஆய்வொன்றில், பெரியவர்களில் வடக்கே 100 பேருக்கு 1.23 பேரிடமும் தெற்கே 0.10 பேரிடமும் இந்த நோய்க்கான எதிர்ப்பொருள் ரத்தத்தில் காணப்பட்டது. தெற்கே கோதுமை குறைவாகச் சாப்பிடுவது இந்த வித்தியாசத்துக்கு ஒரு காரணமாக இருக்கலாம். அரிதாக இருப்பதால்தானோ என்னவோ, இங்கே இது சட்டென்று யார் நினைவுக்கும் வருவதில்லை.

சந்தேகம் வந்ததுமே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் ரத்தப் பரிசோதனையும் எண்டோஸ்கோப்பி வழியாக எடுக்கும் திசுப் பரிசோதனையும் சரியாகக் காட்டும். உறுதியானால் பெற்றோர், உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள் எல்லோருமே பரிசோதித்துக்கொள்வது நல்லது.

பெருங்காயமும் மாவு மில்லும்

எங்கள் வீட்டுக் குற்றவாளி அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே இருந்தது. மஞ்சள் நிறப் பெருங்காய டப்பாவின் பின்பக்கம், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிக்க வேண்டிய பொடி எழுத்தில், 'கோதுமை மாவு'. பெருங்காயப் பிசினில் குளூட்டன் இல்லை. வீரியம் அதிகம் என்பதால் கருவேலம் பிசினும் மாவும் கலந்துதான் விற்பனைக்கு வருகிறது. அந்த மாவு பல சமயம் கோதுமையோ மைதாவோ. சாம்பார், ரசம், இட்லிப் பொடி, ஊறுகாய், அப்பளம் என்று அது நுழையாத இடமில்லை. அரிசி மாவு கலந்த பெருங்காயமும் கிடைக்கிறது, தேடி வாங்க வேண்டும்.

சிட்டிகைதானே என்று தோன்றும். ஒரு துண்டு பிரெட்டில் சுமார் 2 கிராம் குளூட்டன் இருக்கிறது. தினமும் 50 மில்லிகிராம், அதாவது அந்தத் துண்டில் நாற்பதில் ஒரு பங்கு, தொடர்ந்து போனாலே குடல் கெடும்.

அடுத்தது மில். முன்னால் நிற்பவர் கோதுமை அரைத்த அதே இயந்திரத்தில்தான் நம் இடியாப்ப மாவும் விழுகிறது. "ஒரு பிடி அரிசியைப் போட்டு ஓட்டிட்டா சுத்தமாயிடும்மா" என்றார் மில்காரர். ஆகாது. இப்போது அரிசியைக் கழுவி, நிழலில் உலர்த்தி, வீட்டு மிக்ஸியில் அரைத்துச் சலிக்கிறோம். சல்லடையும் புதிது, பழையதில் ரவை சலித்திருக்கிறோம்.

கடைச் சரக்கு

கேழ்வரகு, கம்பு, தினை, சாமை எதிலும் குளூட்டன் இல்லை. ஆனால் 'ராகி சேமியா' என்று எழுதியிருப்பதில் பாதி மைதாவாக இருக்கலாம். மால்ட் பானங்களில் பார்லி, சோயா சாஸில் கோதுமை. ஓட்ஸ் பெரும்பாலும் கோதுமையோடு கலந்தே வருகிறது. 'குளூட்டன் இல்லாதது' என்று விற்க, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. அப்படி விற்கும் பிஸ்கட்டுகளின் விலைக்கு ஒரு மாதக் கடலை மிட்டாய் வாங்கலாம் என்பது என் கட்சி.

மருந்து கிடையாது, சாப்பாடுதான் சிகிச்சை. ரத்தத்தில் எதிர்ப்பொருள் அளவு குறைகிறதா என்று சில மாதங்களுக்கு ஒருமுறை பார்ப்பார்கள். பெரியவர்களுக்குக் குடல் முழுசாகத் தேற ஓரிரு வருஷம்கூட ஆகும்.

பந்தியில்

ஹோட்டலில் ரவா தோசை வார்த்த கல்லிலேயே சாதா தோசையும் வரும். பூரி பொரித்த எண்ணெயில் வடையும் வேகும். கேட்டுவிட்டுத்தான் உட்கார வேண்டும். போன மாதம் ஒரு கல்யாணத்தில் தங்கை சாம்பாரையும் ரசத்தையும் தள்ளிவிட்டுத் தயிர்சாதத்துக்குக் காத்திருந்தாள். "தாளிச்சதுல பெருங்காயம் இருக்கேம்மா" என்று கையை இழுத்துக்கொண்டார் பரிமாறியவர். உள்ளே போய் வெறும் சாதமும் தயிரும் கொண்டுவந்தார். பையிலிருந்து வீட்டு உப்பு நார்த்தங்காயை எடுத்தாள் அவள். பக்கத்து இலைக்காரர் தனக்கும் ஒரு துண்டு கேட்டார்.