குசினியில் ஒரு பொறுப்பாளர்

சிலாபத்தில் சாப்பாட்டுக் கடையோ பேக்கரியோ நடத்துகிறீர்கள், அல்லது அப்படி ஒரு இடத்தில் வேலை செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் யாராவது சொல்லியிருப்பார்: "இங்கே சான்றிதழ் எடுத்த உணவுப் பாதுகாப்பு மேற்பார்வையாளர் இல்லாமல் கடை நடத்த முடியாது." அப்படி ஒருவர் நம் கடைக்கும் வேண்டுமா? அந்தப் படிப்பை எங்கே படிப்பது? படித்தால் என்ன மாறும்?

முதலில், யார் இவர்? சாப்பாடு எப்படிக் கெடுகிறது என்று தெரிந்தவர். கடையில் நின்று அதைக் கவனிப்பவர். கெட்டது என்று தோன்றினால் ஒரு சட்டிக் கறியையும் கொட்டச் சொல்ல அதிகாரம் உள்ளவர். அந்த அதிகாரம் இல்லையென்றால் சான்றிதழ் சுவரில் தொங்கும், கறி மேசைக்குப் போகும்.

எங்கெல்லாம் கட்டாயம்? இந்தியாவில் உரிமம் (லைசன்ஸ்) பெற்ற உணவுத் தொழில்களில், உணவைக் கையாளும் 25 பேருக்கு ஒருவராவது பயிற்சி பெற்ற மேற்பார்வையாளராக இருக்க வேண்டும். அவுஸ்திரேலியாவில் 2023 டிசம்பர் 8 முதல் நாடு தழுவிய விதி வந்தது. சூட்டிலோ குளிரிலோ வைத்தால்தான் கெடாது என்ற உணவைச் சமைத்து விற்கும் உணவகங்கள் ஒரு மேற்பார்வையாளரை நியமிக்க வேண்டும். அவருடைய சான்றிதழ் ஐந்து ஆண்டுக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். டுபாய் மாநகர சபையும் உணவுக் கடைகளில் சான்றிதழ் பெற்ற பொறுப்பாளரைக் கேட்கிறது.

அப்படியானால் இங்கே ஒரு சான்றிதழ் எடுத்துக்கொண்டு அங்கே போகலாமா? வேலை தேடும்போது உதவும். ஆனால் அவுஸ்திரேலியச் சட்டம் கேட்பது அந்த நாட்டில் அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிறுவனம் தரும் சான்றிதழை. எந்த நாட்டுக்குப் போகிறீர்களோ அந்த நாட்டு விதியைப் பார்க்காமல் பெருந்தொகை கட்டிப் படிக்காதீர்கள். "உலகமெல்லாம் செல்லும்" என்று விளம்பரம் சொன்னால், எந்த அரச அமைப்பு ஏற்றுக்கொண்டது என்று எழுத்தில் கேளுங்கள்.

சரி, இலங்கையில்? இந்தப் பதவியின் பெயரைச் சொல்லி யாரும் உங்கள் கடைக்கு வருவதில்லை. வருகிறவர் பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்). அவர் கையில் இருப்பது 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டமும் அதன் கீழ் வந்த ஒழுங்குவிதிகளும். மனிதர் உண்ணத் தகாத உணவை விற்பது அந்தச் சட்டப்படி குற்றம். அவர் மாதிரி எடுத்து அரச பகுப்பாய்வாளருக்கு அனுப்பலாம், பொருளைக் கைப்பற்றலாம், நீதவான் நீதிமன்றத்தில் வழக்கும் போடலாம். கடையைச் சோதித்து ஏ முதல் டி வரை தரம் இடுவதும் உண்டு. ஏ சிறந்தது, டி என்றால் வேலை நிறைய இருக்கிறது.

எங்கே படிப்பது? முதல் படி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை, அதாவது நாம் எம்.ஓ.எச். ஒபிஸ் என்று சொல்லும் இடம். உணவைக் கையாளுவோருக்கான வகுப்பு, மருத்துவப் பரிசோதனை, நெருப்புக் காய்ச்சல் தடுப்பூசி பற்றியெல்லாம் அங்கே கேளுங்கள். பீ.எச்.ஐ.யைக் கண்டால் ஒளிந்துகொள்கிற வழக்கம் நம்மவரிடம் உண்டு. நீங்களாகப் போய்ச் சந்தேகம் கேட்டுவிட்டால் பாதிப் பயம் போய்விடும். இன்னும் ஆழமாகப் படிக்க, கொழும்பில் உள்ள இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் பயிற்சிகள் நடத்துகிறது. இறால் ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை பார்க்க நினைப்பவருக்கு ஹசப் (கெடுதி எந்தக் கட்டத்தில் நுழையும் என்று முன்கூட்டியே கண்டு, அந்தக் கட்டத்திலேயே தடுக்கும் முறை) தெரிந்திருக்க வேண்டும். எங்கே சேர்ந்தாலும் வகுப்பு எந்த மொழியில் என்று முதலில் விசாரியுங்கள். புரியாத மொழியில் உட்கார்ந்து எழுந்தால் காகிதம் மட்டும்தான் மிஞ்சும்.

படிப்பில் அப்படி என்ன இருக்கிறது? பெரும்பகுதி சூடும் நேரமும்தான். கிருமிகள் 5 பாகை செல்சியசுக்கும் 60 பாகைக்கும் இடையில் வேகமாகப் பெருகும். சமைக்கும்போது உணவின் நடுப்பகுதி 70 பாகையைத் தாண்ட வேண்டும். சமைத்ததை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. இவை உலகச் சுகாதார அமைப்பு சொல்லும் கணக்குகள். சிலாபத்து மத்தியான வெயிலில் உங்கள் குசினி முழுவதும் அந்த 5க்கும் 60க்கும் நடுவேதான் இருக்கிறது.

ஆகவே ஒரு தெர்மோமீட்டர் (வெப்பமானி) வாங்குங்கள். உணவுக்குள் குத்திப் பார்க்கும் வகை. அது சரியாகக் காட்டுகிறதா என்று எப்படித் தெரியும்? நொறுக்கிய ஐஸும் கொஞ்சம் தண்ணீரும் கலந்த கோப்பையில் முனையை விட்டால் 0 காட்ட வேண்டும். கொதிக்கிற தண்ணீரில் 100. நாம் கடலோரத்தில் இருப்பதால் 100 சரி. நுவரெலியாவில் தண்ணீர் அதற்கு முன்பே கொதித்துவிடும்.

நம் ஊருக்கு முக்கியமானது மீன். சூரை, கும்பளா, சாளை போன்ற மீன்களை ஐஸ் இல்லாமல் வைத்திருந்தால் அவற்றின் சதையில் ஹிஸ்டமின் (ஒவ்வாமை போன்ற குறிகளை உண்டாக்கும் வேதிப்பொருள்) சேரும். சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவக்கும், தலை இடிக்கும், உடம்பு அரிக்கும், நெஞ்சு படபடக்கும். "நன்றாகக் கொதிக்க வைத்தேனே" என்பீர்கள். கொதிக்க வைத்தாலும் ஹிஸ்டமின் போகாது; உறைய வைத்தாலும் போகாது. மீன் பார்வைக்கும் மணத்துக்கும் நல்லதாகவே இருக்கக்கூடும். அதனால் வாங்கும் இடத்திலேயே பாருங்கள்: மீன் ஐஸில் புதைந்திருக்கிறதா, வெயிலில் கிடக்கிறதா? கடைக்குக் கொண்டுவரும் பெட்டியிலும் ஐஸ் வேண்டும். அந்த ஐஸில் ஒரு துண்டுகூட ஜூஸ் கிளாசுக்குள் போகக் கூடாது.

அடுத்தது சோறு. அரிசியோடு வரும் ஒரு வகைக் கிருமியின் வித்து சமையலில் சாகாது. மிஞ்சிய சோறு அண்டாவோடு இரவு முழுக்க வெளியில் இருந்தால் அந்த வித்து விழித்து நஞ்சை உண்டாக்கும். மறுநாள் அதைப் பிரைட் ரைஸாக எவ்வளவு வறுத்தாலும் நஞ்சு அப்படியே இருக்கும். பிறகு சோற்றை என்ன செய்வது? சூடு ஆறும்வரை காத்திராமல் அகன்ற தட்டுகளில் மெல்லியதாகப் பரப்புங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் 21 பாகைக்கும், அடுத்த நான்கு மணி நேரத்துக்குள் 5 பாகைக்கும் இறங்க வேண்டும். முடியாதா? அளவாகச் சமையுங்கள். முன்னேஸ்வரத் திருவிழா நாட்களில் கூட்டத்தை நம்பி அண்டா அண்டாவாக வடித்து வைக்கும் கடைகளுக்கு இதைத் தனியாகவே சொல்ல வேண்டும்.

வேலையாளுக்கு வயிற்றோட்டம் என்றால்? குசினிக்குள் விடாதீர்கள். கையில் சீழ் வைத்த காயம் என்றாலும் உணவைத் தொட வேண்டாம். இங்கேதான் மேற்பார்வையாளருக்குச் சிக்கல் வரும். நாட்கூலிக்கு நிற்கும் பையன் ஒரு நாள் சம்பளம் போகும் என்று நோயை மறைப்பான். அதனால் முதலாளியிடம் முன்பே பேசி வையுங்கள்: நோயைச் சொன்னவருக்குச் சம்பளத்தை வெட்டாதீர்கள் என்று. ஒரு நாள் கூலி, கடைப் பெயர் போவதைவிட மலிவு. இதைச் சம்மதிக்காத முதலாளியிடம் அந்தப் பதவியை ஏற்க வேண்டாம் என்பதே என் எண்ணம். பழி உங்கள் தலையில் விழும், முடிவு அவர் கையில் இருக்கும்.

எழுதி வைக்க வேண்டுமா? ஆம், ஒரு கொப்பி போதும். குளிர்சாதனப் பெட்டி காலையும் மாலையும் எத்தனை பாகை, மீன் யாரிடம் எத்தனை மணிக்கு வாங்கியது, எதைக் கொட்டினீர்கள். மாதக் கடைசியில் ஒரே பேனையால் ஒரே மூச்சில் நிரப்பிய கொப்பியைப் பரிசோதகர் பார்த்தவுடனே கண்டுபிடித்துவிடுவார்.

யாராவது வந்து "உங்கள் கடையில் சாப்பிட்டு வாந்தி" என்று சொன்னால்? சண்டை பிடிக்காதீர்கள். என்ன சாப்பிட்டார், எப்போது, எப்போது வருத்தம் தொடங்கியது என்று எழுதிக்கொள்ளுங்கள். அவரை வைத்தியசாலைக்குப் போகச் சொல்லுங்கள். அந்த உணவை விற்பதை அந்த நிமிடமே நிறுத்துங்கள். மிச்சத்தைக் கழுவி ஊற்றாமல், மூடி, "விற்க வேண்டாம்" என்று சிங்களத்திலும் தமிழிலும் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் தனியாக வையுங்கள். உணவு நஞ்சாதல் இலங்கையில் வைத்தியர் அறிவித்தே ஆக வேண்டிய நோய்களில் ஒன்று. வைத்தியசாலையிலிருந்து எம்.ஓ.எச். பணிமனைக்குத் தகவல் போகும், அங்கிருந்து பீ.எச்.ஐ. உங்களிடம் வருவார். அவர் வரும்வரை காத்திராமல் நீங்களே பணிமனைக்கு அழைத்துச் சொல்லிவிடுங்கள். வந்ததும் கொப்பியையும் எடுத்து வைத்த உணவையும் காட்டுங்கள்.