எழும்பூர் அருங்காட்சியகம்: அளந்தவரும் கொடுத்தவரும்



நினைவைப் போற்றக் கூடியிருக்கிறோம். ஒரு நகரம் தன் பழைய நினைவுகளை எங்கே வைத்திருக்கிறது என்று கேட்டால், சென்னையில் எழும்பூர் பாந்தியன் சாலையைக் காட்டுவார்கள். அங்குள்ள அரசு அருங்காட்சியகத்தை எப்படிப் பார்ப்பது என்பதே இன்று என் பேச்சின் பொருள்.

நம் பாட்டிமார் அதைச் ‘செத்த காலேஜ்’ என்றார்கள். மிருகக்காட்சிசாலை ‘உயிர் காலேஜ்’. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் கூட்டங்கூட்டமாக வந்து பார்த்த இடம் என்பதற்கு அந்தப் பெயரே சாட்சி.

1851இல் தொடங்கிய அருங்காட்சியகம் 1854இல் எழும்பூருக்கு வந்தது. முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர். பிறகு அதே வளாகத்தில் கன்னிமாரா நூலகமும் கலைக்கூடமும் எழுந்தன. ஆதிச்சநல்லூர்த் தாழிகள், சோழர் செப்புத் திருமேனிகள், நாகப்பட்டினத்துப் புத்தர் சிலைகள் எல்லாம் இங்கே உண்டு. நான் இரண்டு செய்திகளில் மட்டும் நிற்கிறேன்.

முதலாவது, எட்கர் தர்ஸ்டன். 1885 முதல் 1908 வரை இதன் கண்காணிப்பாளர். தென்னிந்திய மக்களைச் சாதி சாதியாக நிறுத்தி, கருவி கொண்டு தலையையும் மூக்கையும் அளந்தவர். மூக்கின் அகலத்தை நூறால் பெருக்கி உயரத்தால் வகுத்தால் கிடைப்பது மூக்குக் குறியீடு. மூக்கு அகல அகலச் சமூகத்தில் தகுதி தாழும் என்று ரிஸ்லி என்ற அதிகாரி கோட்பாடே வகுத்தார். தர்ஸ்டனின் உழைப்பு 1909இல் தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய ஏழு தொகுதிகளாக வெளிவந்தது. கல்லையும் செம்பையும் காட்டிய இடத்தில் உயிருள்ள மனிதரும் காட்சிப்பொருளானார்கள்.

அதே ஆண்டுகளில், அதே நகரத்தில், அயோத்திதாசப் பண்டிதர் வேறொரு வேலை செய்தார். 1898இல் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவி, 1907இல் இதழ் தொடங்கி, ‘நாம் பூர்வ பௌத்தர்’ என்ற வரலாற்றை நம் வாயாலேயே பேசவைத்தார். அளவெடுக்கப்பட்டவர்கள் தங்கள் வரலாற்றைத் தாங்களே எழுதத் தொடங்கிய காலம் அது.

பின்னர் 1948இல் ‘தீண்டப்படாதார்’ நூலில் அண்ணல் அம்பேத்கர் அந்த மூக்களவையே கையில் எடுத்தார். குர்யே தொகுத்த அளவீடுகளை வைத்து, பிராமணரும் தீண்டப்படாதாரும் ஒரே இனத்தவர் என்பதையே அவை காட்டுகின்றன என்று வாதிட்டார். தீண்டாமைக்கு இனவேறுபாடு காரணம் என்ற கதையை, அதற்குச் சான்றாகக் காட்டப்பட்ட எண்களைக் கொண்டே உடைத்தார்.

இரண்டாவது, அமராவதிக் கூடம். ஆந்திரத்தில் கிருஷ்ணை ஆற்றங்கரையில் இருந்த பெரும் பௌத்தத் தூபியின் சுண்ணாம்புக் கற்சிற்பங்கள் இங்கே இருக்கின்றன. 1845இல் வால்டர் எலியட் தோண்டி எடுத்துச் சென்னைக்கு அனுப்பிய கற்கள் 1859இல் கப்பலேறின. இன்று லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன. பின்னர் தோண்டப்பட்டவற்றில் பல எழும்பூரில் தங்கின.

அத்தூபியை ஒரே அரசன் தன் கருவூலத்தைத் திறந்து கட்டிவிடவில்லை. துறவிகள், வணிகர், இல்லறப் பெண்கள் எனப் பலரும் ஆளுக்கொரு கல்லாகக் கொடுத்தார்கள். கொடுத்தவர் பெயரைப் பிராமி எழுத்தில் பிராகிருத மொழியில் பொறித்தார்கள். அமராவதிக் கல்வெட்டுகளில் ஒன்று, விதிகன் என்பவன் தன் குடும்பத்தோடு பூரணகும்பப் பலகை கொடுத்ததைச் சொல்கிறது. அவன் நாகன் என்னும் ஆசிரியரின் மகன். அவன் தொழிலும் அதில் இருக்கிறது: சம்மகாரன். தோல் தொழிலாளி.

இன்றைய சாதியை அப்படியே ஈராயிரம் ஆண்டு பின்னுக்குத் தள்ளி அவன்மேல் ஏற்ற வேண்டாம். ஆனால் ஆசிரியர் மகன் தோல் வேலை செய்தான், அதை மறைக்காமல் புனிதத் தலத்தில் எழுதிவைத்தான், யாரும் தடுக்கவில்லை. இவ்வளவையும் அந்தக் கல்லே சொல்கிறது. தோலைத் தொட்டவன் தீட்டு என்பது ஆதி முதல் இருந்த நியதி என்பவர்களுக்கு இதைவிட வேறென்ன பதில் வேண்டும்?

எழும்பூருக்குப் போங்கள்; பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். ஒவ்வொரு பொருளின் முன்னும் நின்று மூன்று கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: செய்தவர் யார்? கொடுத்தவர் யார்? பெயர் வைத்தவர் யார்? விளக்கப் பலகையில் அரசமரபும் நூற்றாண்டும் மட்டும் இருந்தால், மீதியை நாம் படித்து எழுதுவோம்.

விதிகன் தன் பெயரைத் தானே எழுதிவைத்துவிட்டுப் போனான். வாசிக்க வேண்டியவர்கள் நாம்தான்.

ஜெய் பீம்.