குண்டு எட்டிய எல்லை

மதுரை மாட்டுத்தாவணியில் இன்று மாடுகள் இல்லை. மாட்டுச் சந்தை கூடிய பக்கம் 1999 முதல் பேருந்துகள் நிற்கின்றன. பலகையில் இருப்பது எம்.ஜி.ஆர். பேருந்து நிலையம், ஊர் வாயில் இருப்பது மாட்டுத்தாவணி. ஆள்வோர் இடும் பெயரும் ஊரார் வழங்கும் பெயரும் இப்படிப் பிரிந்துபோன இன்னோர் இடம், கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினம். அங்கே அந்தக் கதை பழையது, வலி மிகுந்தது.

அங்கே, கெடிலம் ஆறு கடலில் சேரும் இடத்துக்கு அருகே ஒரு கோட்டை இருந்தது. 1690-இல் செஞ்சியிலிருந்து ஆண்ட மராட்டிய அரசர் இராசாராமிடமிருந்து ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி அதை விலைக்கு வாங்கியது. அப்போது சென்னையில் கம்பெனியின் ஆளுநர் எலிஹு யேல். வாங்கிய கோட்டைக்கு செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயரிட்டார்கள்.

அந்த விற்பனையின் எல்லைக் கணக்குதான் மனத்தை உறுத்துகிறது. இன்று இரண்டு சென்ட் மனை வாங்கினாலும் சர்வே எண் வேண்டும், நான்கு எல்லை எழுத வேண்டும், அளந்து கல் ஊன்ற வேண்டும். அன்று கோட்டையிலிருந்து சுடும் பீரங்கிக் குண்டு எட்டிய தொலைவு வரை நிலமெல்லாம் கம்பெனிக்கு. நல்ல பீரங்கியாகப் பார்த்து, கைதேர்ந்தவனை வைத்துச் சுடும்படி சென்னையிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். அந்தத் தொலைவுக்குள் அகப்பட்டவை 'குண்டு கிராமங்கள்' ஆயின. உழுதவர்களையும் வலை வீசியவர்களையும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

விலை கொடுத்து வாங்கிய கோட்டை பின்னர் விலைமதிப்பற்றதாயிற்று. 1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தபோது ஆங்கிலேயருக்குச் சோழமண்டலக் கரையில் தலைமையிடம் இதுவே. 1752 வரை அப்படித்தான். சென்னையிலிருந்து தப்பிய இளைஞர் ராபர்ட் கிளைவ் இங்கேதான் வந்து சேர்ந்தார், பின்னாளில் இதன் ஆளுநராகவும் இருந்தார். 1758 ஜூனில் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைக் கைப்பற்றி மதில்களை இடித்தார். இரண்டே ஆண்டில் கடலூர் மீண்டும் ஆங்கிலேயர் கைக்கு வந்தும், கோட்டை பழைய நிலைக்கு எழவில்லை.

இன்று தேவனாம்பட்டினம் மீனவர் ஊர். கடலூர்க்காரர்களுக்கு மாலைநேரக் கடற்கரை. 2004 டிசம்பர் ஆழிப்பேரலையில் அந்தக் கரை பட்ட துயரம் பெரிது. கம்பெனி துணி வாங்கிக் கப்பலேற்றிய நாட்களின் வணிகம் போய்விட்டது. மாறாக, நிலம் உழுதவர் பெயரில் பட்டா இருக்கிறது, கேட்க ஓர் ஆட்சியர் அலுவலகம் இருக்கிறது. இந்த மாற்றத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. தென்னார்க்காடு என்ற கம்பெனிக் காலத்து மாவட்டமும் 1993-இல் பிரிந்து, இப்போது கடலூர் மாவட்டம்.

செயின்ட் டேவிட் என்ற பெயர் பாடப்புத்தகத்துக்குள் ஒடுங்கிவிட்டது. குண்டு மட்டும் நிற்கிறது: பக்கத்து ஊரின் பெயர் குண்டு உப்பலவாடி. அங்கு பிறக்கும் குழந்தைகளின் முகவரியில் இன்றும் அது எழுதப்படுகிறது.