சப்பை நோய்: ஒரு விளக்கம்

கால்நடை நோயொன்று பற்றி இவ்விதழில் எழுதுவது பொருத்தமா எனச் சிலர் வினவக்கூடும். மாடு குடியானவனின் உற்பத்திச் சாதனமாகும். அதன் அழிவு அவனது வாழ்வின் அழிவாகவும் அமைந்துவிடுகிறது என்பதே நமது விடை.

ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரையான, நன்கு வளர்ந்த இளமாடுகளையே சப்பை நோய் பெரிதும் தாக்குகிறது. குளோஸ்திரிடியம் சோவி என்னும் பற்றீரியாவே இதன் காரணி. ஒட்சிசன் அற்ற சூழலிலேயே இது பெருகும். இதன் வித்திகள் மண்ணில் பல்லாண்டுகள் அழியாதிருப்பன. மேய்ச்சலின்போது உட்சென்று தசையில் தங்கும் வித்திகள், அடிபட்டு இரத்தவோட்டம் குன்றிய இடத்தில் முளைத்து நஞ்சைச் சுரக்கின்றன எனக் கருதப்படுகிறது.

கடுங்காய்ச்சலும் நொண்டலும் முதலிற் தோன்றும். தொடையிலோ தோளிலோ எழும் வீக்கம் தொடக்கத்திற் சூடும் நோவும் உடையது. பின்னர் குளிர்ந்து உணர்விழக்கும். அழுத்தினால் உள்ளிருக்கும் வாயு நெறுநெறுக்கும். பெரும்பாலும் 12 முதல் 48 மணித்தியாலங்களுள் மரணம் நிகழும். பாதிக்கப்பட்ட தசை கருத்து, உலர்ந்து, கெட்ட வெண்ணெயின் நாற்றமுடையதாயிருக்கும்.

எனினும் திடீரென இறந்த மாட்டை உடனே அறுத்துப் பார்த்தல் ஆகாது. அடைப்பான் எனப்படும் அந்திராக்ஸ் அன்று என்பதை இரத்தப் பூச்சினால் முதலில் உறுதிசெய்தல் வேண்டும். இவ்விரு நோய்களும் நெடுங்காலம் ஒன்றெனவே மயங்கப்பட்டன. 1880களில் பிரான்சின் லியோன் நகரில் ஆர்லுவான், கோர்ண்வன், தோமா ஆகிய மூவரும் மேற்கொண்ட ஆய்வுகள் இவற்றின் வேறுபாட்டைத் தெளிவுபடுத்தியதோடு, தடுப்பூசிக்கும் வழிகோலின.

தொடக்கத்திலேயே பெருமளவு பெனிசிலின் செலுத்தினாற் சில உயிர்கள் பிழைக்கலாம். ஆயினும் வீக்கம் புலப்படும் வேளையிற் பெரும்பாலும் காலங்கடந்துவிடுகிறது. மிருக வைத்தியர் அருகில் இல்லாத சிறு விவசாயிக்கு அவ்வாய்ப்பும் அரிது. எனவே தடுப்பூசியே உண்மையான மருந்து. கன்றுகளுக்கு உரிய வயதில் அதனை ஏற்றி, மீளவும் ஏற்றுதல் வேண்டும்.

இறந்த உடலை எரித்தல் அல்லது சுண்ணாம்பிட்டு ஆழப் புதைத்தல் அவசியம். வறுமையினால் தோலை உரித்து விற்பவன், பொது மேய்ச்சல் நிலத்தில் அடுத்த ஆண்டுகளுக்கான நோயை விதைக்கிறான். அவனைப் பழித்துப் பயனில்லை. இழந்த மாட்டுக்கு ஈடும், ஊரனைத்துக்கும் உரிய காலத்தில் தடுப்பூசியும் கிட்டுமாயின், அத்தோலை விற்கும் தேவை அவனுக்கு எழாது. நோயின் வித்து மண்ணில் உள்ளது. அது பரவுவதற்கான ஏது சமூக அமைப்பில் உள்ளது.