டைல்ஸ் ஒட்டும் முன் ஒரு நாள் தண்ணீர் நிறுத்திப் பாருங்கள்

மாடியில் புதிதாகக் குளியலறை கட்டுகிறீர்களா? பழைய டைல்ஸை உடைத்துப் புதுசு போடப் போகிறீர்களா? நிறமும் டிசைனும் பார்க்க நாலு கடை ஏறி இறங்குகிறோம். டைல்ஸுக்கு அடியில் போக வேண்டிய நீர்த்தடுப்புப் பூச்சைப் பற்றி மட்டும் பெரும்பாலும் கேட்பதில்லை. கேட்டாலும், "அதான் டைல்ஸே போடுறோமே சார், தண்ணி எப்படி இறங்கும்?" என்று மேஸ்திரி சொல்லிவிடுவார்.

இறங்கும். டைல்ஸ் தண்ணீரை விடாது, ஆனால் டைல்ஸுக்கு நடுவே உள்ள சிமெண்ட் இணைப்பு விடும். அப்படி இறங்கும் நீரை அடியில் உள்ள கலவை ஸ்பாஞ்ச் மாதிரி உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பிறகு தளத்துக்குள் ஓதம் ஏறும், கம்பி துருப்பிடித்துப் பருக்கும், கீழ் வீட்டுக் கூரையின் பூச்சு பெயர்ந்து விழும். கறை தெரிவது கீழ் வீட்டில், உடைக்க வேண்டியது உங்கள் டைல்ஸை.

"கலவையிலேயே வாட்டர் புரூஃப் மருந்து கலக்குறோமே" என்றும் சொல்வார்கள். கலக்கட்டும், நல்லதுதான். அது கலவை நீர் உறிஞ்சுவதைக் குறைக்கும். ஆனால் கலவையில் விரிசல் விழுந்தால் தண்ணீருக்கு வழி திறந்துவிடும். அதனால் தனியாக, ரப்பர் போலக் கொஞ்சம் இழுபடும் ஒரு படலம் தேவை. வீட்டுக் குளியலறைக்குப் பெரும்பாலும் பயன்படுவது, சிமெண்ட் பவுடரும் பால் போன்ற பாலிமர் திரவமும் சேர்த்துப் பிரஷ்ஷால் பூசும் வகை. உறையில் சொன்ன விகிதத்தில்தான் கலக்க வேண்டும். தடவச் சுலபமாக இருக்கட்டும் என்று கூடுதலாகத் தண்ணீர் ஊற்ற விடாதீர்கள்.

பூசுவதற்கு முன் குழாய் துளைகளைப் பாருங்கள். கசிவு அதிகம் தொடங்கும் இடம் இதுதான். தளத்தில் துளை போட்டுக் குழாயை இறக்கிவிட்டு, சுற்றிலும் செங்கல் துண்டும் கலவையும் வைத்து அடைப்பது பழைய பழக்கம். காய்ந்ததும் கலவை சுருங்கிக் குழாயைச் சுற்றி இடைவெளி விடும். சுருங்காத கிரவுட் கொண்டு அடைக்கச் சொல்லுங்கள். தரையும் சுவரும் சேரும் மூலைகளைக் கலவையால் உருட்டிவிட்டு, அங்கே ஃபைபர் வலை வைத்துப் பூச வேண்டும்.

தரையின் வாட்டம் இப்போதே சரியாக இருக்க வேண்டும். மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது வடிகால் பக்கம் இறங்கட்டும். பூச்சு இரண்டு கோட். முதல் கோட் நெடுக்காகப் பூசினால் இரண்டாவது குறுக்காக. சுவரில் ஒரு அடி உயரம் வரை ஏற்றுங்கள், ஷவர் பக்கம் ஆள் உயரம். இரண்டாவது கோட் ஈரமாக இருக்கும்போதே சலித்த மணல் தூவினால் டைல்ஸ் கலவைக்குப் பிடிமானம் கிடைக்கும். தாழ்த்திக் கட்டிய சங்கன் தளம் என்றால் பள்ளத்தின் அடியிலும் பக்கங்களிலும் ஒருமுறை, நிரப்பி வாட்டம் போட்ட பிறகு மேலே ஒருமுறை என இரண்டு இடத்திலும் பூச வேண்டும். மேலே மட்டும் பூசி முடித்துவிடுவார்கள், கவனம்.

உறையில் சொன்ன நாள் கணக்குப்படி பூச்சு இறுகியதும் வடிகாலை இறுக்கி அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்துங்கள். ஐந்தடிக்கு ஆறடி அறைக்குச் சுமார் 140 லிட்டர் பிடிக்கும். சுவரில் பென்சிலால் மட்டம் குறியுங்கள். பக்கத்தில் ஒரு பக்கெட்டிலும் தண்ணீர் வைத்துக் குறியுங்கள். வெயிலில் ஆவியாகிக் குறைவது பக்கெட்டிலும் தெரியும். 24 மணி நேரம், முடிந்தால் 48 மணி நேரம் விடுங்கள். தரையில் மட்டும் அதிகமாக இறங்கினாலோ, கீழ்த்தளக் கூரையில் ஈரம் தெரிந்தாலோ அந்த இடத்தைச் சரிசெய்து, மறுபடி நிறுத்திப் பார்த்த பிறகே டைல்ஸ். "ஒரு நாள் கூலி வீணாப் போகுதே" என்பார்கள். பின்னால் மொத்த டைல்ஸையும் பெயர்ப்பதைவிட ஒரு நாள் கூலி மலிவு. தேர்ச்சியான பூச்சையும் கடைசியில் கெடுக்கக்கூடியவர், கமோடு மாட்ட வந்து தரையில் டிரில் போடும் பிளம்பர். அந்தத் துளைகளில் சிலிக்கான் சீலண்ட் நிரப்பித்தான் திருகாணி முடுக்க வேண்டும்.

உங்கள் ஃபோனுக்கும் இங்கே வேலை உண்டு. குழாய் அடைப்பு, இரண்டு கோட், தண்ணீர் மட்டம் என ஒவ்வொன்றையும் படம் எடுங்கள். டைல்ஸ் போட்டபின் இவை எதுவும் கண்ணுக்குத் தெரியாது. வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தில் எடுத்த தேதி விவரம் தங்காது, அசல் படத்தையே சேமித்து வையுங்கள். வாங்கிய பொருளின் உறையில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால், அதில் உள்ள சிஎம்/எல் எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டு உண்மையா என்று பார்க்கலாம். பில் கட்டாயம் வாங்குங்கள்.

அடுக்குமாடி வீட்டை பில்டரிடம் வாங்கியவர்களுக்கு, 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 14(3) பிரிவு துணை நிற்கிறது. வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் வேலைத்தரக் குறையைச் சுட்டிக்காட்டினால், 30 நாளில் பில்டர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். மறுத்தால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்திடம் போகலாம். நீங்களே ஒப்பந்ததாரரை வைத்துச் செய்த வேலை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதில் தீரவில்லையென்றால் இ-ஜாக்ரிதி தளத்தில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு வீட்டிலிருந்தே மனு போடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும், ஃபோனில் வைத்த அந்தப் படங்களையும் பில்லையும் சேர்த்து.