ஒருமுறைதான் பூக்கும்

தொட்டியில் சம்பங்கி வைத்தவர்கள் மூன்றாம் வருஷம் சொல்லிவைத்தாற்போல் புலம்புவார்கள்: “இலை புல்லாட்டம் மண்டிக் கிடக்கு, பூவைத்தான் காணோம்.” கையோடு ஒரு பிடி உரமும் விழும். இலை இன்னும் மண்டும்.

கோளாறு மண்ணுக்கடியில். மெக்சிகோவிலிருந்து வந்த இந்தச் செடியைத் தாவரவியலார் இப்போது ஆனைக்கற்றாழையின் பேரினத்திலேயே சேர்த்துவிட்டார்கள். புதுப்பெயர் ஆகேவ் அமிகா. மாலைக்குக் கட்டும் பூவுக்கும் வேலியோரத்து முள்ளுக்கும் என்ன உறவு என்று தோன்றும். ஆனைக்கற்றாழை ஆயுளில் ஒரே முறை பூந்தண்டு விட்டுச் செத்துப்போகும். பக்கக் கன்றுகள் தழைக்கும். சம்பங்கிக் கிழங்கிலும் அதே கதைதான். ஒருமுறை தண்டு விட்ட கிழங்கு மறுபடி பூக்காது. ஒட்டிப் பிறந்த குட்டிக் கிழங்குகள்தான் பூக்க வேண்டும். அவை நெருக்கியடித்துக்கொண்டு சுண்டைக்காய் அளவிலேயே நின்றால் எங்கிருந்து பூக்கும்?

ஆகவே தூரைப் பிரிக்க வேண்டும். பூ ஓய்ந்ததும் தண்ணீரை நிறுத்தி, இலை பழுத்தபின், ஒரு சாண் தள்ளிக் கடப்பாரை போட்டு நெம்புங்கள். மண்ணை உதறினால் நடுவில் காய்ந்த தண்டின் அடிக்கட்டையோடு தாய்க் கிழங்கு, சுற்றிலும் பூண்டுப் பற்கள் போலக் குட்டிகள். கையால் திருகினாலே ‘டக்’கென்று பிரியும். பிடிவாதம் பிடித்தால் கத்தி. ஆனால் வேர் விடுகிற அடித்தட்டு ஒவ்வொரு குட்டியோடும் வர வேண்டும். அது இல்லாத கிழங்கு குழம்புக்குக்கூட உதவாது. வேரில் முடிச்சு முடிச்சாக வீக்கம் தெரிந்தால் நூற்புழு. அந்தத் தூரைத் தயங்காமல் ஒழித்துவிடுங்கள், மண்ணையும் மாற்றுங்கள். பெங்களூர் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் சிருங்கார் ரகம் இந்தப் புழுவை ஓரளவு தாங்கும்.

பிரித்ததை அன்றைக்கே நடும் அவசரம் வேண்டாம். காற்றோட்டமான நிழலில் ஒரு மாதம் பரப்பி வையுங்கள்; இந்த ஓய்வுக்குப் பின் முளைப்பு சீராக இருக்கும். ஜூன், ஜூலை நடவுக்குத் தோது. இரண்டரை சென்டிமீட்டர் பருமன், 25 முதல் 30 கிராம் எடை உள்ளவற்றைப் பொறுக்கி, நுனி மறையும் ஆழத்தில், 20 சென்டிமீட்டர் இடைவெளியில் ஊன்றினால் மூன்று மாதத்துக்குப்பின் தண்டு எட்டிப் பார்க்கும்.

மிச்சப் பொடிசுகளை எறிய மனசு வராது. வேறொரு தொட்டியில் தூவி மண் மூடுங்கள். இந்த வருஷம் இலைதான். அந்த இலைதான் அடியில் கிழங்கைப் பெருக்க வைக்கும்.